இந்தியா சுத்திப் பாக்க கிளம்புறீங்களா? இடத்த முடிவு பண்றதுக்கு முன்னாடி தேதிய பாருங்க

டூர் பிளான் போடும்போது பெரும்பாலான பேர் மேப்ப எடுத்து வெச்சு எந்தெந்த ஊருன்னு மொதல்ல லிஸ்ட் போட்டுடுவாங்க, அப்புறம் ஆபீஸ்ல எப்போ லீவு கிடைக்குதோ, பசங்களுக்கு எப்போ ஸ்கூல் லீவோ அந்த தேதிக்கு டிக்கெட் போட்டுடுவாங்க. டூர் சொதப்புறது முக்கால்வாசி இங்கதான். தேர்ந்தெடுத்த இடம் அருமையான இடமாத்தான் இருக்கும், போற நாளும் நேரமும்தான் தப்பா இருக்கும்.

மொதல்ல வார லீவு. தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்கு கிடையாது, அன்னைக்கு அங்க இருக்கற மசூதில தொழுகை நடக்கும். டெல்லி செங்கோட்டை திங்கக்கிழமை லீவு. ஞாயித்துக்கிழமையோட சேத்து நீளமா லீவு எடுக்கறவங்க இந்த ரெண்டுலயும் மாட்டிக்கறாங்க. தாஜுக்கு இன்னொன்னும் இருக்கு, டிசம்பர் கடைசில இருந்து ஜனவரி வரைக்கும் காலைல மூடுபனி அடிச்சா கிட்ட நின்னாலும் கோபுரம் தெரியாது. சூரிய உதயத்துல பாக்கணும்னு ஆசைப்படறவங்க அக்டோபர், நவம்பர், இல்ல பிப்ரவரி கடைசி, மார்ச்சுல போங்க.

மகாராஷ்டிரால இருக்கற அஜந்தா, எல்லோரா குகைங்கதான் எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். அஜந்தாவுக்கு திங்கக்கிழமை லீவு, எல்லோராவுக்கு செவ்வாய்க்கிழமை லீவு. இது தெரியாம திங்கக்கிழமை அஜந்தா, செவ்வாய்க்கிழமை எல்லோரான்னு பிளான் போட்டா ரெண்டுமே பூட்டித்தான் இருக்கும், அப்படியே மாத்தி போட்டா ரெண்டையும் பாத்துடலாம். அப்புறம் ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுடலாம்னு யாராவது கார்காரர் சொன்னா கேக்காதீங்க. சம்பாஜிநகர்ல இருந்து (பழைய அவுரங்காபாத்) எல்லோரா முப்பது கிலோமீட்டர்தான், ஆனா அஜந்தா நூறு கிலோமீட்டர், அதுவும் வேற திசைல, கடைசி நாலு கிலோமீட்டர் நம்ம வண்டிய நிறுத்திட்டு அங்க ஓடற பஸ்ல போகணும்.

அஜந்தாவுல எல்லாரும் பண்ற தப்பு அவசரம். முதலாம் குகைக்குள்ள நுழைஞ்சதும் ஒன்னுமே தெரியாது, வெளிய அவ்வளவு வெயில், உள்ள ஓவியத்த காப்பாத்தறதுக்காக ரொம்ப மங்கலான வெளிச்சம், அதனால ஒரு சுத்து சுத்திட்டு வெளிய வந்துடறாங்க. ரெண்டு மூணு நிமிஷம் ஒரே இடத்துல சும்மா நில்லுங்க. கண்ணு பழகினதும் பின் சுவர்ல, கருவறை வாசலுக்கு இடது பக்கம், கைல தாமரைய பிடிச்சுக்கிட்டு கண்ண தாழ்த்தி நிக்கற பத்மபாணிங்கற போதிசத்துவர் (புத்தர் ஆகப்போறவர்) மெல்ல தெரிய ஆரம்பிப்பாரு, மொதல்ல கிரீடம், அப்புறம் முகம், அப்புறம் அந்த விரல். ஆயிரத்து ஐநூறு வருஷத்துக்கு மேல ஆன ஓவியம் அது. ஃபிளாஷ் போடாதீங்க, தடை இருக்கு, தடை இல்லாட்டியும் போடக்கூடாது.

எல்லோராவுல 34 குகை. ஒன்னாம் நம்பர்ல ஆரம்பிச்சு வரிசையா போனா 16ஆம் குகையான கைலாசநாதர் கோயிலுக்கு வர்றதுக்குள்ள கால் ஓஞ்சுடும். கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி காலைல நேரா 16க்கு போயிடுங்க, சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ வாங்க, மேற்கு பாத்த கோயில்ங்கறதால வெயில் அப்பதான் முகப்புல விழும். மலைய மேல இருந்து கீழ குடைஞ்சு ஒரே கல்லுல செஞ்ச கோயில், எட்டாம் நூற்றாண்டு, ராஷ்டிரகூடர் காலம். விமானத்த பாத்தா நமக்கு எங்கயோ பாத்த மாதிரி இருக்கும், காரணம் இருக்கு, காஞ்சி கைலாசநாதர் கோயில பாத்து கர்நாடகா பட்டடக்கல்ல விருபாக்ஷர் கோயில கட்டினாங்க, அத பாத்து எல்லோரான்னு கலை வரலாறு எழுதறவங்க சொல்றாங்க.

அடுத்து சீசன். கர்நாடகாவுல ஜோக் அருவி 253 மீட்டர் உயரம், ஆனா மேல லிங்கனமக்கி அணை வந்ததுல இருந்து ஷராவதி ஆத்துத் தண்ணி மின்சாரத்துக்கு போயிடுது, ஏப்ரல் மே லீவுல போனா நாலு கோடு மாதிரி தண்ணியும் மொட்டப் பாறையும்தான். ஜூலைல இருந்து செப்டம்பருக்குள்ள போங்க, பனி மூடியிருந்தா கிளம்பிடாதீங்க, அரை மணி நேரம் நின்னா காத்துல விலகி திடீர்னு முழு அருவியும் தெரியும். குஜராத்ல கட்ச் வெள்ளை ரண்ங்கற உப்புப் பாலைவனம் இதுக்கு நேர்மாறு, மழைக்காலத்துல உப்பு மேல தண்ணி நிக்கும், நவம்பர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும்தான், முடிஞ்சா பௌர்ணமி ஒட்டி. உத்தராகண்ட் பூக்களின் பள்ளத்தாக்கு ஜூன் 1ல இருந்து அக்டோபர் 31 வரைக்கும் திறந்திருந்தாலும் பூ கொட்டிக் கிடக்கறது ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும். அப்ப மழை, மலைச்சரிவுல ரோடு அடைக்கும், ரெண்டு நாள் கூடுதலா வெச்சுக்காம ரிட்டர்ன் டிக்கெட் போடாதீங்க.

லடாக்ல பண்ற தப்பு மட்டும் உடம்புக்கே ஆபத்து. லே 3,500 மீட்டர், சென்னைல கடல் மட்டத்துல இருந்துட்டு காலைல ஃபிளைட்ல போய் இறங்கி மறுநாளே 4,200 மீட்டருக்கு மேல இருக்கற பாங்காங் ஏரிக்கு கிளம்பறாங்க. ரெண்டு நாளாவது லேவுல ரெஸ்ட் எடுங்க. தலைவலி, வாந்தி கூடிக்கிட்டே போனா சமாளிச்சுக்கலாம்னு மேல ஏறாதீங்க, கீழ இறங்கி டாக்டர பாருங்க. பெரியவங்க, இதய நோய் இருக்கறவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. நம்ம ஊரு ப்ரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேணும்.

ஹம்பிய ஒரே நாள்ல முடிக்கறது அடுத்த தப்பு. ஒரு கோயில் ஒரு அரண்மனை இல்ல, விஜயநகரப் பேரரசோட தலைநகரமே பாறைக்கு நடுவுல சிதறிக் கிடக்கு. குறைஞ்சது ரெண்டு முழு நாள் வேணும், ஏப்ரல் மே வேண்டாம், அந்தப் பாறை பூரா அனல் கக்கும். காலைல ஆறு மணிக்கு நடக்க ஆரம்பிச்சு பதினொன்னுக்கு ரூமுக்கு வந்துட்டு நாலு மணிக்கு மறுபடி போங்க. விட்டலர் கோயில் டிக்கெட்ட தூக்கிப் போட்டுடாதீங்க, அதே நாள் தாமரை மஹால் இருக்கற அந்தப்புரப் பகுதிக்கும் அது செல்லும். விட்டலர் கோயில்ல இருக்கற இசைத் தூண தட்டிப் பாக்கறதுக்கு தடை போட்டிருக்காங்க, யாராவது கைடு நான் தட்டிக் காட்டறேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, ஏற்கனவே தேஞ்சு போன தூண் அது.