கர்ப்பிணி வீட்டில் அடிபடுகிறாள் என்று தெரிந்தால்

முதலில் அவளைத் தனியே சந்தியுங்கள். கிளினிக்குக்கு மாமியுடனோ கணவனுடனோ வருபவளிடம் அவர்கள் முன்னிலையில் "வீட்டில் பிரச்சினை ஏதும் உண்டோ?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை அக்கா" என்ற பதில்தான் வரும். சிறுநீர்ப் பரிசோதனைக்கு அவள் எழுந்து போகும் அந்த ஐந்து நிமிடம் போதும்.

சித்திரை வெயிலிலும் கைநீளச் சட்டை போடுகிறவளை, படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்துகிறவளைக் கவனியுங்கள். நித்திரையின்மை, காரணமற்ற அழுகை, இடைவிடாத பயம், பிள்ளையைப் பற்றிய பேச்சில் ஒட்டாமை ஆகியவற்றை "மசக்கை" என்று தள்ளிவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அவை மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம், அது பிரசவத்துக்குப் பின்னும் தொடர்ந்து, தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான பிணைப்பையே பாதிக்கலாம்.

அவள் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள். "பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும், பொறுத்துப் போ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையோடு அவள் இனி யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். "நீ சொல்வதை நம்புகிறேன், இது உன் பிழையல்ல" என்று சொல்லுங்கள். கணவனிடம் நியாயம் கேட்கப் போகாதீர்கள். அதன் பலனை அன்றிரவு அவளே அனுபவிப்பாள்.

வயிற்றில் அடிபட்டிருந்தால், இரத்தப்போக்கோ வலியோ இருந்தால், பிள்ளையின் அசைவு குறைந்திருந்தால், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள், ஏனெனில் வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே நச்சுக்கொடி பிரிந்திருக்கலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இத்தகைய பெண்களுக்கென்றே நட்பு நிலையம் இயங்குகிறது. குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். வீட்டுக்கு வந்து போகும் உரிமை அவருக்கு உண்டு என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

கர்ப்பகாலப் பதிவு அட்டை, அடையாள அட்டை, கொஞ்சம் பணம், மாற்றுடுப்பு ஆகியவற்றை ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான வீடொன்றில் வைத்திருக்கச் சொல்லுங்கள். இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவளுக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். இச்சட்டம் அடிக்கு மட்டுமன்றி மனத்தை வதைக்கும் கொடுமைக்கும் பொருந்தும்.

உடனடி ஆபத்துக்கு 119, பெண்கள் உதவிக்கு 1938, மனநல ஆலோசனைக்கு 1926. இவற்றை அவளுடைய தொலைபேசியில் வேறு பெயரில் பதிந்து கொடுங்கள். "செத்துப் போனால் நல்லது" என்று அவள் சொன்னால் அன்று அவளைத் தனியே விடாதீர்கள். பிரசவமான பின்னும், துடக்குக் கழிந்துவிட்டதென்று நின்றுவிடாமல், போய்ப் பாருங்கள்.