சிங்கப்பூருக்குக் கேமராவோடு வந்தவர்களுக்கு

வந்து இறங்கிய முதல் சில வாரங்கள் வேலை அனுமதி அட்டை, வங்கிக் கணக்கு, வாடகை வீடு என்று ஓடிவிடும். கேமரா பை அலமாரிக்குள் போய்விடும். தப்பு அங்கேதான் நடக்கிறது. நானும் அதைத்தான் செய்தேன். ஊரிலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டுவந்த 50 எம்எம் லென்ஸை நான்கு மாதம் கழித்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், ஓரத்திலிருந்து உள்நோக்கி வெள்ளை இழைகள் சிலந்தி நூல்போலக் கிளை விட்டிருந்தன. துடைத்தேன், போகவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் வளர்ந்த பூஞ்சை எப்படிப் போகும்? பழுதுபார்க்கும் கடையில் கேட்ட கூலிக்குப் பழைய லென்ஸ் ஒன்றையே வாங்கிவிடலாம்.

மதுரையிலும் கோவையிலும் காற்று காய்ந்து கிடக்கும் மாதங்கள் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும் இந்தத் தீவில் அப்படி ஒரு மாதமே கிடையாது. காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கும். இருட்டும், ஈரமும், அசையாத காற்றும் பூஞ்சைக்குப் போதும். தோல் பையும் துணிப் பையும் அதற்கு மெத்தை விரித்தது மாதிரி. ஆகவே முதல் சம்பளத்தில் புது லென்ஸ் வேண்டாம், ஓர் உலர் பெட்டி வாங்குங்கள். 'ட்ரை கேபினட்' என்று கேட்டால் கேமரா கடைகளில் காட்டுவார்கள். ஈரப்பதத்தை 40 முதல் 50 வரை வைத்தால் சரி. ரொம்பக் குறைத்தால் ரப்பர் பாகங்கள் காய்ந்துபோகும். கைக்கு அது எட்டாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லும் போதும், ஜெல் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டுப் பெட்டியின் கீழ்த்தட்டில் பட்டச் சான்றிதழ்களும் இருக்கின்றன. அப்பளக் கட்டையும் வைக்கலாமா என்று கேட்ட நண்பர் ஒருவர் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது ஏசி. குளிர்ந்த அறையிலிருந்தோ எம்ஆர்டி ரயிலிலிருந்தோ வெளியே வந்த நொடியில் லென்ஸ் மேல் பனி படிந்து எல்லாம் பால்போலத் தெரியும். சட்டை நுனியால் துடைக்காதீர்கள். கிளம்பும் முன்பே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்தபின் இருபது முப்பது நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு தே (இங்கே தேநீருக்கு அதுதான் பெயர்) குடித்து முடிப்பதற்குள் கேமராவும் வெளிச் சூட்டுக்கு வந்துவிடும்.

வெளிச்சக் கணக்கும் ஊர்க் கணக்கில்லை. 1982இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதால் இங்கே உச்சிவெயில் மதியம் 1 மணிக்கு. வருடம் முழுக்க 7 மணியை ஒட்டி விடியும், மாலை 7 மணியை ஒட்டி இருட்டும். அந்தி என்பது இருபது நிமிடச் சமாச்சாரம். முக்காலியை விரித்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும்.

சரி, எதை எடுப்பது? மரினா பே பகுதியை எல்லாரும் எடுத்தாயிற்று. உங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் ஆரம்பியுங்கள். ஒரு வாரம் மலாய்க் கல்யாணப் பந்தி, மறுவாரம் சீனர் வீட்டுத் துக்கம், நடுவே சதுரங்கம் ஆடும் பெரியவர்கள், எல்லாம் ஒரே தூண்களுக்கு இடையில். முதலில் ஒரு வணக்கம், 'அங்கிள், படம் எடுக்கலாமா?' என்று ஒரு வார்த்தை. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி நடக்கும். அலகு குத்துபவரின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டாதீர்கள், அது அவருடைய வேண்டுதல். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) புல்தரையில் உட்கார்ந்து வீட்டோடு வீடியோவில் பேசும் தொழிலாளர்களையும் வேடிக்கைப் பொருளாக எடுக்காதீர்கள். அவர்களும் நம்மைப் போல வந்தவர்கள்தான்.

படமெடுக்கக் கூடாது என்று பலகை மாட்டிய இடங்களிலும் குடிநுழைவு (இமிகிரேஷன்) சாவடிகளிலும் கேமராவை உள்ளே வையுங்கள். ட்ரோன் 250 கிராமைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். விமான நிலையம், விமானப்படைத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. இந்தச் சின்னத் தீவில் மிச்சம் எவ்வளவு இடம் என்று வரைபடத்தைப் பாருங்கள்.

அப்புறம், எடுத்த படத்தை அச்சுப் போட்டுக் கொடுங்கள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் ஆர்க்கிட் பூவை எடுத்து ஒரு பிரதி தந்தேன். மறுநாள் கதவுக் கம்பியில் ஒரு பை ரம்புத்தான் தொங்கியது. அதற்கடுத்த வாரம் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துத் தரச் சொல்லி, தலை வாரிக்கொண்டு வாசலில் நின்றார்.