பில்லூர் தண்ணீரில் ஒரு பகல், பவானிக் கரையில் ஓர் இரவு

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறீர்களா? விமான டிக்கெட் எடுத்த கையோடு, கோவைக்குப் பக்கத்தில் பில்லூர் அணைத் தண்ணீரில் பரிசல் போகும் பரளிக்காட்டுக்கும் பதிவு செய்துவிடுங்கள். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்து ஒரு புதன்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரிசல் பயணம் வழக்கமாகச் சனி, ஞாயிறுகளில்தான். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை.

கோவையிலிருந்து காரமடை, வெள்ளியங்காடு வழியாக ஏறக்குறைய 70 கிலோமீட்டர். வெள்ளியங்காடு தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகளுக்கு வயிறு நிறைய இட்லி கொடுத்துக் கூட்டிப்போகாதீர்கள். பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால் சுக்குக் காப்பி கிடைக்கும்.

வனத்துறையும் அங்குள்ள இருளர் பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்தும் இடம் இது. பரிசல் தள்ளுவது, சமைப்பது, காட்டுக்குள் வழிகாட்டுவது எல்லாம் ஊர்க்காரர்கள். நீங்கள் கட்டும் பணத்தில் அவர்களுக்குக் கூலி போகிறது. காட்டையும் ஆற்றையும் அப்படியே வைத்திருப்பதால் வருமானம் வருகிறது என்றால், வெடி போட்டு மீன் பிடிக்க யாராவது வந்தால் ஊரே கேள்வி கேட்கும். அதனால்தான் இதைச் சொல்கிறேன். இல்லாவிட்டால் பரிசல் சவாரிக்கு ஒகேனக்கல் போதும்.

பில்லூர் அணையின் தேக்க நீரில்தான் சவாரி. கோவையின் குடிநீரில் ஒரு பங்கு இங்கிருந்து போகிறது. நீலகிரியில் பிறந்து, கேரளத்து அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி தமிழ்நாட்டுக்கே திரும்பி வரும் ஆறு பவானி. (நம்மைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.) கரையில் யானை தண்ணீர் குடிக்க வரும் இடம், வந்தே தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் போன இரண்டாவது முறை யானை வரவில்லை. பரிசல்காரர் துடுப்பால் ஒரு பாறையைக் காட்டினார். வெயிலில் காய்ந்த எச்சம், அதில் மீன் செதில்கள் மினுங்கின. "நீர்நாய்ங்க. ராத்திரி இங்க உட்கார்ந்து தின்னுட்டுப் போயிருக்கு." மீன் இருந்தால்தானே அது இருக்கும்? என் மகள் யானையை மறந்துவிட்டு அந்தப் பாறையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மதியச் சாப்பாட்டில் கேழ்வரகுக் களி இருந்தால் விடாதீர்கள். பல்லால் மென்று தின்னக் கூடாது, கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். பரிமாறும் அக்காமார் தங்களுக்குள் இருள மொழியில் பேசிக்கொண்டு, நம்மிடம் தமிழுக்கு மாறுவார்கள். வீட்டுக்குள் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதா என்ன? பிள்ளைகளையே அக்காமாரிடம் பேச விடுங்கள். ஆனால் கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். வீட்டு வாசலில் விளையாடும் குழந்தைகளுக்குச் சாக்லேட் வீசுவதும் வேண்டவே வேண்டாம்.

இரவு தங்க ஆசைப்பட்டால் பக்கத்திலேயே பூச்சமரத்தூர். பவானிக் கரையில் வனத்துறை கட்டிய தங்கும் வீடுகள். இருளர் வீட்டுத் திண்ணையில் படுத்துறங்கலாம் என்ற கற்பனை வேண்டாம், இது அப்படிப்பட்ட ஹோம்ஸ்டே இல்லை. எளிமையான அறை, ஆற்றுச் சத்தம், அவ்வளவுதான். பதிவு செய்யும்போதே வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர்கள் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். கடவுச்சீட்டு, விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை, எல்லாவற்றுக்கும் நகல் கையில் இருக்கட்டும்.

சில்லறையாக ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி சிக்னலை நம்பி ஜிபே என்று நிற்காதீர்கள். மதுவும் பிளாஸ்டிக்கும் கூடாது. கைக்குழந்தை இருந்தால் டயப்பரைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை எடுத்துப் போங்கள். பகல் பயணம் மட்டும் என்றால் இருட்டுவதற்குள் மலையிறங்கிவிட வேண்டும். அந்தச் சாலையில் யானைக்குத்தான் முதல் உரிமை.

அப்புறம், மாற்றுத்துணி. சாயங்காலம் அத்திக்கடவு ஆற்றில் குளிக்கக் கூட்டிப்போவார்கள். ஏப்ரல் வெயிலிலும் தண்ணீர் சில்லென்று இருந்தது. பாறை வழுக்கும், வழிகாட்டி காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். சோப்பைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.