பாரமும் ஓட்டமும்: ஒரு கிழமைக்குள் அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஐந்தரை மணிக்கு டச் பே கடற்கரையில் ஓடுகிறவர்களில் சிலரை, மாலையில் திருகோணமலை நகரின் ஜிம்களில் மீண்டும் காணலாம். உழைப்பில் அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் மூன்று நான்கு மாதங்கள் கழிந்த பின்னர், தூக்கும் பாரமும் கூடவில்லை, ஓட்டமும் வேகமாகவில்லை, முழங்கால்தான் நோகிறது என்று சொல்வார்கள். பெரும்பாலும் பிழை, ஏழு நாட்களையும் அவர்கள் அடுக்கிய முறையில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நெஞ்சுக்கு ஒரு நாள், முதுகுக்கு ஒரு நாள் என்று கவனமாகப் பிரிக்கிறவர்கள் கால்களின் கணக்கை மட்டும் பார்க்காமல் விடுவதாகும். பாரத்தோடு குந்தி எழுகிற ஸ்குவாட்டும், நிலத்திலிருந்து பாரத்தைத் தூக்குகிற டெட்லிஃப்டும் வேலை வாங்குகிற அதே தொடைத் தசைகளையும் இடுப்புத் தசைகளையும்தான் ஓட்டமும் சைக்கிளும் மேடேறுவதும் வேலை வாங்குகின்றன. ஆகவே தாளில் கார்டியோ நாள், அதாவது இதயத்துக்கும் மூச்சுக்குமான பயிற்சி நாள், என்று எழுதப்பட்டிருப்பது, உடலுக்கு இன்னொரு கால் பயிற்சி நாளாகவே படுகிறது. நான் இதைப் பட்டுத்தான் அறிந்தேன். ஒரு வியாழன் மாலை வழமையை விடக் கூடுதலாக ஸ்குவாட் செய்துவிட்டு, மறுநாள் காலை பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஓடியே ஏறுவதென்று புறப்பட்டேன். பாதி வழியில் தொடை இறுகி வீதியோரத்தில் குந்திவிட்டேன். கோட்டைக்குள் மேய்கிற மான்கள் நிதானமாகப் பார்த்துக்கொண்டு நின்றன. கடும் பயிற்சிக்குப் பின்னரான தசைநோவு 24 முதல் 72 மணித்தியாலங்களுக்குள் உச்சம் அடைவது வழமை என்பதால், பாரமான கால் பயிற்சிக்கும் வேகமான ஓட்டத்துக்கும் இடையில் ஒரு முழு நாளாவது விடுவதே புத்தி. அட்டவணை எழுதும்போது முதலில் இவ்விரண்டுக்கும் இடம் ஒதுக்கிவிட்டால், மற்றவை தாமாகவே இடம்பிடித்துக்கொள்ளும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. கார்டியோ தசையைத் தின்றுவிடும் என்று நம்பி, ஓட்டத்தையே கைவிடுகிறவர்கள் பலர். இந்த அச்சத்தின் வேரை 1980 இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில் காணலாம். பாரப் பயிற்சியையும் தாங்குதிறன் பயிற்சியையும் 10 வாரங்கள் சேர்த்துச் செய்தவர்களின் கால் வலிமை, முதலில் மற்றவர்களைப் போலவே ஏறி, கடைசி வாரங்களில் தேங்கி இறங்கியது. ஆனால் அவர்கள் கிழமைக்கு ஐந்து நாள் பாரமும் ஆறு நாள் கடும் கார்டியோவும் செய்தவர்கள் என்பதைப் பலரும் சொல்வதில்லை. வேலை முடிந்து வந்து கிழமைக்கு மூன்று நாள் ஜிம் போகிறவருக்கு அந்த எல்லை வெகு தூரம். பிற்கால ஆய்வுகளும், தசை வளர்ச்சி பெரிதாகத் தடைப்படுவதில்லை, பாய்தல் போன்ற திடீர் வலுவே சற்றுக் குறையக்கூடும் என்றே காட்டுகின்றன.

ஜிம்முக்குள் நுழைந்தவுடன் ட்ரெட்மில்லில் அரை மணி நேரம் ஓடி, வியர்த்து, அதன் பின்னர் பாரத்தைத் தொடுவதும் தவறான வரிசையே. உடலைச் சூடாக்க ஐந்து முதல் பத்து நிமிடங்கள் போதும். வலிமை வேண்டும் என்பவர் பாரத்தை முதலில் முடிக்கவேண்டும். ஓட்டப் போட்டிக்கு ஆயத்தமாகிறவர் மாற்றிச் செய்யலாம். காலையும் மாலையுமாக ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விட முடிந்தால் அது இன்னும் நல்லது.

ஓடும் ஒவ்வொரு நாளும் மூச்சு வாங்க வாங்க ஓடுவது, நம்மூர் இளைஞர்களிடம் அதிகம் தெரிகிற பழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு, கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் ஆகும். மிதமானது என்றால், பேச முடியும், பாட முடியாது என்ற அளவு. உட்துறைமுக வீதியில் நண்பருடன் கதைத்துக்கொண்டே 40 நிமிடங்கள் வேகமாக நடப்பதை நான்கு நாள் செய்தால் 160 நிமிடங்கள் வந்துவிடும். அது மறுநாளைய ஸ்குவாட்டையும் கெடுக்காது. கச்சான் காற்று அடிக்கும் யூன், யூலை மாதங்களில் பகல் வெயிலில் அதே வேகத்தைப் பிடிக்க முனைவது வீண்; வெப்பத்தில் இதயத்துடிப்பு தானாகவே உயர்ந்துவிடுவதால், இலேசான ஓட்டமும் கடும் ஓட்டமாகிவிடும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. வெறுந்தேநீரோடு ஓடி, காலையில் புட்டும் சம்பலும் மட்டும் உண்டு, மாலையில் பாரம் தூக்குகிறவருக்குத் தசை வளரத் தேவையான புரதம் கிடைப்பதில்லை. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதம் என்ற கணக்கில், 60 கிலோ எடையுள்ளவருக்கு 96 கிராம் வேண்டும். 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு உண்டு. கடலோரத்தில் இருந்துகொண்டு விலை கூடிய புரத மாவுக்கு அலைவது எனக்கு விளங்குவதில்லை. மீன், முட்டை, பருப்பு, கடலை ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொண்டாலே பெரும்பகுதி நிறைந்துவிடும்.

கடைசியாக, நவம்பரில் வாடைக்காற்றோடு மழை தொடங்கியதும் ஓட்டத்தை முற்றாக நிறுத்திவிட்டு, தை மாதம் பழைய தூரத்தையும் பழைய பாரத்தையும் ஒரே கிழமையில் மீட்க முனைகிறவர்கள் இருக்கிறார்கள். மழை நாளில் வீட்டுப் படிகளில் 20 நிமிடங்கள் ஏறி இறங்கலாம். அதுவும் முடியாமல் இடைவெளி விழுந்துவிட்டால், முதல் கிழமை ஏறக்குறைய பாதிப் பாரம், பாதித் தூரம் என்று தொடங்கி, நோவைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.