தென்னந்தோப்பைத் தாண்டி வைஃபை: 180 மீட்டர் தொலைவுக்கு வீட்டு இணையத்தைக் கொண்டு செல்லும் முறை

பொள்ளாச்சிப் பக்கம் உள்ள எங்கள் வீட்டிலிருந்து தோப்பின் மறுகோடியில் இருக்கும் மோட்டார் அறை 180 மீட்டர் தொலைவில் உள்ளது. ஃபைபர் இணைப்பு வீட்டோடு நின்றுவிடுகிறது. ஆனால் மோட்டார் அறையை ஒட்டிய சாளையில் (தோட்டத்துக் குடியிருப்பில்) தங்கியிருப்பவர்களுக்கும், கிணற்றடியில் உள்ள கேமராவுக்கும் இணையம் தேவைப்பட்டது. மெஷ் முறையில் இதை எப்படிச் செய்வது என்பதை, இதற்கு முன் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவரும் பின்பற்றும்படி இங்கே விளக்குகிறேன்.

மெஷ் என்பது பல கருவிகள் தரவை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றி, ஒரே பெயர் கொண்ட ஒரே வைஃபையாக இயங்கும் ஏற்பாடு. இதற்கான 802.11எஸ் என்னும் பொதுத்தரம் 2011இல் வெளிவந்தது. கடைகளில் இரண்டு மூன்று கருவிகள் கொண்ட பெட்டியாகக் கிடைப்பவற்றில் பல, அந்தந்த நிறுவனம் தனக்கென வகுத்துக்கொண்ட முறையில் இயங்குகின்றன. எந்த முறையாக இருந்தாலும் ஓர் உண்மை மாறுவதில்லை. ஒரே ரேடியோ உள்ள கருவி ஒரே சேனலில் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் இயலாது என்பதால், தரவை வாங்கி அடுத்த கருவிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே தொலைவைக் கடக்கக் கருவிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போவது பயன் தராது. தாவல்களைக் குறைத்து, இருக்கும் ஒரு தாவலை வலுவாக அமைப்பதுதான் சரியான வழி.

முதலில் அளந்து பாருங்கள்

கருவி வாங்குவதற்கு முன், சிக்னல் வலிமையை டிபிஎம் அலகில் காட்டும் ஏதேனும் ஒரு வைஃபை அளவீட்டுச் செயலியைக் கைப்பேசியில் நிறுவிக்கொண்டு, வீட்டிலிருந்து தோப்பை நோக்கி மெதுவாக நடந்து, பத்துப் பத்து அடிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் எப்போதும் எதிர்மறையில் இருக்கும். பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலிமையானது என்று பொருள். −60க்கு மேல் நல்லது, வீடியோ அழைப்புக்கு −67 வரை போதும், −80ஐ நெருங்கினால் இணைப்பு அடிக்கடி அறுபடும்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் மெஷ் கருவியை வைத்தால் அங்கே சிக்னல் உண்டாகிவிடும் என்று எண்ணுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் ஒன்றைச் சாளைக்குள் வைத்துவிட்டு, அது தாய்க்கருவியை, அதாவது வீட்டு ரவுட்டரோடு இணைந்த முதல் மெஷ் கருவியை, தேடித் தேடி ஓய்ந்ததைப் பார்த்தேன். தனக்கு நன்றாகக் கேட்காததைக் கருவியால் பிறருக்குச் சொல்ல முடியாது. தாய்க்கருவியின் சிக்னல் −60 முதல் −65 வரை கிடைக்கும் இடமே அடுத்த கருவிக்கு உரிய இடம். வீட்டுக்குள் வைக்கும் சாதாரண மெஷ் கருவிகள் எல்லாத் திசைகளிலும் அலையைப் பரப்புவதால், சுவர்களைத் தாண்டி அந்த எல்லை சில அறைகளோடு முடிந்துவிடும். 180 மீட்டர் அவற்றுக்கு எட்டாது.

பாதையைத் தேர்ந்தெடுத்தல்

எனவே தோப்பைக் கடக்கும் அந்த ஒரு தாவலுக்கு மட்டும், ஒரே திசையில் அலையைக் குவிக்கும் ஆன்டெனா கொண்ட வெளிப்புறக் கருவிகள் இரண்டு தேவை. இவற்றின் இடையே எவ்வளவு இடைவெளி வெறுமையாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. வானொலி அலை கயிறுபோல நேர்கோட்டில் செல்வதில்லை. இரு முனைகளிலும் குறுகி நடுவில் பருத்த ஓர் உருளையைப் போன்ற இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஃபிரெனல் மண்டலம் எனப்படும் அந்த இடத்தின் ஆரம், 180 மீட்டர் தொலைவுக்கு, நாம் பயன்படுத்தப்போகும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நடுப்பகுதியில் சுமார் 1.5 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 2.4 மீட்டர். இந்த ஆரத்தில் குறைந்தது 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. நீர் நிறைந்த இலைகள் இந்த அலைகளை உறிஞ்சிவிடும் என்பதால், ஆன்டெனாவை உயரமாக ஏற்றினால் போதும் என்று நினைத்துக் கொண்டைகளின் மட்டத்துக்குக் கொண்டு போவது இருப்பதிலேயே மோசமான இடத்தைத் தேர்ந்தெடுப்பதாகும். வளர்ந்த தோப்பில், தரையில் உள்ள ஊடுபயிருக்கு மேலும் கொண்டைக்குக் கீழும் தண்டுகள் மட்டுமே நிற்கும் ஒரு பகுதி இருக்கிறது. 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பாக இருந்தால், இரு வரிசைகளுக்கு நடுவே செல்லும் சந்து சுமார் 7.5 மீட்டர் அகலம் கொண்டது. 3 மீட்டர் விட்டமுள்ள நம் அலைப்பாதை அதற்குள் தாராளமாக அடங்கும். வீட்டுச் சுவரில் 4 மீட்டர் உயரத்திலும், மோட்டார் அறைக் கூரையில் நட்ட குழாயில் அதே உயரத்திலும் கருவிகளைப் பொருத்தி, ஒரே சந்தின் வழியாக ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். இளங்கன்றுகள் உள்ள தோப்பில் மட்டைகள் தாழ்ந்து தொங்கும் என்பதால் இந்த வழி ஒத்துவராது.

சிக்னல் போய்ச் சேருமா என்பதையும் தாளிலேயே பார்த்துவிடலாம். 5.8 கிகாஹெர்ட்ஸில் 180 மீட்டர் வெறுவெளியைக் கடக்கும்போது ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 93 டெசிபல். கருவி 20 டிபிஎம் ஆற்றலில் அனுப்ப, இரு பக்க ஆன்டெனாக்களும் தலா 13 டெசிபல் கூட்ட, மொத்தம் வரும் 46இலிருந்து 93ஐக் கழித்தால் −47 டிபிஎம் கிடைக்கிறது. நடைமுறையில் பத்து டெசிபல் குறைந்தாலும் கவலையில்லை. தொலைவு இரட்டிப்பானால் 6 டெசிபல் மட்டுமே கூடுதலாக இழக்கிறோம் என்பதால், திசை ஆன்டெனாவும் தடையற்ற பாதையும் அமைந்துவிட்டால் வைஃபை வியக்கத்தக்க தூரம் செல்லும். தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, 2000களின் நடுவிலேயே பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர்ப் பார்வை மையங்களை இப்படி வைஃபை வழியாக இணைத்தது. மருத்துவர் தேனியில் இருந்தபடியே அங்குள்ள நோயாளிகளுடன் வீடியோவில் பேச முடிந்தது. நம் தோப்பு அதற்கு முன் மிகச் சிறியது.

மேசையில் வைத்தே அமைத்துவிடுங்கள்

ஏணியில் ஏறிய பிறகு கடவுச்சொல்லைத் தேடாதபடி, எல்லாக் கருவிகளையும் முதலில் மேசைமேல் வைத்து இயக்கிப் பாருங்கள். இணைப்பு வரிசை இதுதான்: வீட்டு ரவுட்டரிலிருந்து கேபிள் முதல் வெளிப்புறக் கருவிக்குச் செல்லும், அது காற்றின் வழியே இரண்டாவது வெளிப்புறக் கருவியோடு பேசும், அங்கிருந்து கேபிள் சாளையில் உள்ள மெஷ் கருவிக்குச் செல்லும். கேபிள் வழி இணைப்பை ஏற்கும் மெஷ் கருவிகளையே வாங்குங்கள். அப்போது சாளைக் கருவியும் வீட்டுக் கருவியும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் இயங்கும்.

வெளிப்புறக் கருவிகளில் ஒன்றை அக்சஸ் பாயின்டாகவும் (வைஃபையை வழங்குவது) மற்றதைக் கிளையன்டாகவும் (அதில் இணைவது) அமைத்து, இரண்டிலும் டபிள்யூடிஎஸ் எனப்படும் பாலம் முறையை இயக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் கைப்பேசியில் இணையம் வருவதுபோலத் தோன்றினாலும், மெஷ் கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காணாமல் போகலாம். வலைப்பின்னலில் ஐபி முகவரி வழங்கும் வேலையை வீட்டு ரவுட்டர் மட்டுமே செய்ய வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் அந்த வேலையைச் செய்யும் டிஎச்சிபி என்ற அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, 149 முதல் 161 வரையிலான சேனல்களில் ஒன்றை நிலையாகக் குறித்துவிடுங்கள். இவை அமைந்துள்ள 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை, வரையறுத்த ஆற்றலுக்குள் உரிமம் இன்றி வெளிப்புறத்திலும் பயன்படுத்த மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கை இடமளிக்கிறது. சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் போதும். தொலைவு என்று கேட்கும் இடத்தில் உண்மைத் தொலைவைவிடச் சற்றுக் கூடுதலாக, 0.3 கிலோமீட்டர் என்று கொடுங்கள். அனுப்பிய தரவு சேர்ந்ததற்கான மறுமொழிக்குக் கருவி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை இந்த எண்ணே தீர்மானிக்கிறது.

பொருத்துதலும் மின்சாரமும்

கருவிகளைக் குழாயில் தளர்வாகக் கட்டி, ஒருவர் சிக்னல் எண்ணைப் படித்துச் சொல்ல மற்றவர் ஆன்டெனாவை விரல்கடை அளவு மட்டுமே இடவலமாகத் திருப்பி, உச்ச எண் வந்ததும் மேல்கீழாகவும் அவ்வாறே சரிசெய்து, பிறகு இறுக்குங்கள். வெயிலைத் தாங்கும் வெளிப்புறக் கேபிளையே பயன்படுத்துங்கள். கருவிக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுப் பொருத்தினால் மழைநீர் உள்ளே வழியாமல் அங்கேயே சொட்டிவிடும்.

மோட்டார் அறையில் நாள் முழுவதும் மின்சாரம் இல்லையென்றால் சூரிய மின்தகடு வேண்டும். அங்குள்ள வெளிப்புறக் கருவியும் சாளையின் மெஷ் கருவியும் சேர்ந்து 12 வாட் எடுத்தால் ஒரு நாளுக்கு 288 வாட்-மணி, அதாவது 12 வோல்ட் பேட்டரியில் 24 ஆம்பியர்-மணி செலவாகும். ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் 75 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை நாள் தாங்கும். அதற்கு 125 வாட் தகடு பொருந்தும். வெளிப்புறக் கருவிகள் பல 24 வோல்ட் கேட்பவை; அடாப்டரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே இணையுங்கள்.

இடியைப் பற்றி அலட்சியம் வேண்டாம். இரு கட்டடங்களையும் செம்புக் கேபிளால் நேரடியாக இணைப்பதைவிட இந்தக் காற்றுவழி இணைப்பு பாதுகாப்பானது; செம்பு ஈதர்நெட் கேபிளின் எல்லையும் 100 மீட்டர்தான். ஆனாலும் குழாயைத் தரையிணைப்புச் செய்து, கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் மின்னெழுச்சித் தடுப்பான் பொருத்துங்கள். குழி தோண்டிப் புதைக்க வழியுள்ளவர்கள் மின்னலைக் கடத்தாத ஃபைபரையே போட்டுவிடலாம். அது இதைவிட மேலானது என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

எல்லாம் முடிந்ததும் வீட்டில் ஒரு கணினியிலும் சாளையில் ஒரு மடிக்கணினியிலும் ஐபெர்ஃப்3 நிரலை இயக்கி, இடைப்பட்ட வேகத்தைத் தனியாக அளந்துகொள்ளுங்கள்; இணைய வேகச் சோதனை மட்டும் செய்தால் குறை தோப்பிலா, ஃபைபர் இணைப்பிலா என்று தெரியாது. அந்த வேகத்தையும் சிக்னல் எண்ணையும் தேதியோடு மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மீண்டும் அளந்து, பத்து டெசிபலுக்கு மேல் குறைந்திருந்தால், முதலில் கேபிள் முனையில் நீர் இறங்கியிருக்கிறதா என்றும், பிறகு சந்துக்குள் ஏதேனும் ஒரு மட்டை சரிந்து தொங்குகிறதா என்றும் பாருங்கள்.