மென்பவளங்களை வாடவைக்கும் தவறுகள்

கடல்நீர்த் தொட்டி வைக்கத் தொடங்குபவர்களிடம், மென்பவளங்கள் எளிதில் சாகாதவை, முதலில் அவற்றை வாங்குங்கள் என்று சொல்வது வழக்கம். அதில் உண்மை உண்டு. கல்பவளங்களைப் போல இவை கனத்த சுண்ணாம்புக் கூடு கட்டுவதில்லை. ஸ்கிளெரைட் எனப்படும் நுண்ணிய சுண்ணாம்பு முட்களைத் தசைக்குள் வைத்துக்கொண்டு நிற்பதால், இவற்றின் கால்சியம் தேவை குறைவு, ஒளித் தேவையும் பெரும்பாலும் மிதமானதே. ஆனாலும் இவை வீட்டுத் தொட்டிகளில் வாடுகின்றன. பார்த்த வரையில், நீரின் குறையால் வாடியவற்றைவிட, வளர்ப்பவரின் கை சும்மா இராததால் வாடியவையே அதிகம்.

சார்கோஃபைட்டான் என்னும் லெதர் பவளத்தை எடுத்துக்கொள்வோம். காளான் குடை போன்ற அதன் மேற்பரப்பில் நேற்றுவரை புல்வெளியாக அசைந்துகொண்டிருந்த பாலிப்புகள் (கைகள் கொண்ட சிறு பவள உயிர்கள்), ஒருநாள் காலையில் ஒன்றுகூட வெளியே தெரியாமல் உள்ளே ஒடுங்கிவிடும். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் குடை சற்றே சுருங்கி, மெழுகு பூசியதைப் போலப் பளபளக்கும். அந்தப் பளபளப்பின் மீது தூசும் பாசியும் ஒட்டிக்கொண்டு பழுப்பேறும். புதியவர் இதைச் சாவின் அறிகுறி என்று எண்ணி, பவளத்தைப் பாறையிலிருந்து பெயர்த்து இடம் மாற்றுவார், விளக்கைக் குறைப்பார், ஒரே நாளில் பாதி நீரை மாற்றிவிடுவார். உண்மையில் அது தோலுரிப்பு. மேலே படிந்த பாசியையும் கழிவையும் உதறித் தள்ளுவதற்காகவே அது அந்தப் படலத்தைச் சுரந்துகொள்கிறது. சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ படலம் கந்தலாகக் கிழிந்து, நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும். அதுவரை அதற்கு வேண்டியது நல்ல நீரோட்டம் மட்டுமே. தசை கறுத்து, குழைந்து, அழுகல் நாற்றத்துடன் கரையத் தொடங்கினால்தான் அது நோய். அப்போது, நல்ல தசை தெரியும்வரை கெட்ட பகுதியைக் கூரிய கத்தியால் வெட்டி எடுத்துவிடத் தயங்கக் கூடாது.

அடுத்தது, அளவுக்கு மீறிய தூய்மை. கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் பெரிய புரோட்டீன் ஸ்கிம்மரைப் பொருத்தி, பாஸ்பேட் நீக்கியையும் நிரப்பி வைத்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் என்று சோதனைக் குப்பி காட்டும்போது மகிழ்கிறவர்கள் பலர். மென்பவளத்தின் தசைக்குள் வாழும் ஸூஸாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை மூலம் அதற்கு உணவூட்டுகின்றன. அந்தப் பாசிகளுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் தேவை. இரண்டும் அற்றுப்போன நீரில் பவளம் நிறம் வெளிறி, மெல்ல மெல்லச் சிறுத்துப் போகிறது. போதாக்குறைக்கு, டைனோஃபிளாஜெல்லேட் எனப்படும் நுண்ணுயிர்களின் பழுப்புச் சளி பாறைகளில் பரவுவதற்கும் இதுவே வழி திறக்கிறது. நைட்ரேட் 5 முதல் 15 பி.பி.எம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரையிலும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம் வரையிலும் இருப்பது மென்பவளத் தொட்டிக்கு நல்ல நிலை.

உப்பின் அளவில் நேரும் பிழை இதைவிடச் சத்தமில்லாதது. தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதை அறியாமல், குறைந்த மட்டத்தை உப்புநீராலேயே நிரப்புபவர்கள் இருக்கிறார்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 100 லிட்டர் தொட்டியில் நாள்தோறும் 2 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை உப்புநீரால் ஈடுசெய்தால் ஒவ்வொரு நாளும் 70 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்கிறது. பத்தே நாட்களில் 35 என்பது 42 ஆகிவிடும். ஈடுசெய்ய வேண்டியது வடிகட்டி அயனிகள் நீக்கிய, உப்பில்லாத ஆர்.ஓ.டி.ஐ நீரால்தான், அதையும் வாரம் ஒருமுறை வாளி வாளியாக அல்லாமல் நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். குழாய் நீர் உதவாது. அதில் குளோரின் இருக்கலாம், செப்பும் இருக்கலாம், செப்பு மிகச் சிறிய அளவிலேயே பவளத்தைக் கொல்லும். மீன்களுக்கு நோய் வந்தாலும் செப்பு கலந்த மருந்தைப் பவளத் தொட்டியில் விடாமல் தனித் தொட்டியில் வைத்து மருத்துவம் செய்ய வேண்டியதும் இதனால்தான். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 என்று குறித்த திட்டக் கரைசலால் அவ்வப்போது சரிபார்க்காவிட்டால், அது காட்டும் எண்ணை நம்புவதற்கில்லை.

புதிய தொட்டியில் அவசரப்பட்டுப் பவளம் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதன் பிறகும் ஓரிரு மாதங்கள் பொறுத்தால், வாங்கியதை இழக்க நேராது.

ஒளியைப் பொறுத்தவரை, 50 முதல் 150 பி.ஏ.ஆர் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) பெரும்பாலான மென்பவளங்களுக்குப் போதும். டிஸ்கோசோமா போன்ற காளான் பவளங்கள் கடும் ஒளியில் சுருங்கி வெளிறும். ஒளி போதாத இடத்தில் வைத்த லெதர் பவளம் தண்டை நீட்டி விளக்கை நோக்கி வளரும். எனவே புதிதாக வந்ததை முதலில் தரைக்கு அருகில் வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக மேலேற்ற வேண்டும். நாள்தோறும் இடம் மாற்றிப் பார்ப்பது மோசம், ஏனெனில் ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் பவளம் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. நீரோட்டம் நேராக ஒரே பக்கத்திலிருந்து அடித்தால் கிளைகள் சாய்ந்தபடியே நின்று, பாலிப்புகள் விரியாமல் போகும். திசை மாறி மாறி வரும் ஓட்டமே உகந்தது.

கனத்த கூடு இல்லாத இவை தம்மைக் காத்துக்கொள்ளக் கையாளும் வழி வேதியியல். சார்கோஃபைட்டான், சினுலேரியா போன்ற லெதர் பவளங்கள் டெர்பீன் வகை நச்சுச் சேர்மங்களை நீரில் கலக்கின்றன. கடலில் அவை கரைந்து மறையும், சிறு தொட்டியிலோ தங்கித் தங்கிச் சேர்ந்து, பக்கத்திலுள்ள கல்பவளங்களின் வளர்ச்சியை முடக்கும். எல்லா அளவுகளும் சரியாக இருக்க, ஒரு பவளம் மட்டும் காரணமின்றி விரிய மறுத்தால், முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான். தீர்வு, இடைவெளி விட்டு வைப்பதும், நீரிலுள்ள சேர்மங்களை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனைப் பயன்படுத்தி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுவதும். நீண்ட நாள் கார்பன் இல்லாதிருந்த தொட்டியில் ஒரேயடியாக நிறைய இடுவதும் பிழையே: நீரின் மஞ்சள் நிறம் ஒரு நாளில் நீங்கி, ஒளி திடீரென்று கூடிவிடும். அதேபோல, ஸீனியா என்னும் மென்பவளத்துக்கு அயோடின் வேண்டுமென்று கேள்விப்பட்டு, அளந்து பார்க்காமல் சொட்டுச் சொட்டாக விடுவதும் வேண்டாம். வாரந்தோறும் பத்து விழுக்காடு நீரை மாற்றினாலே போதிய அளவு கிடைத்துவிடும். கூடினால் அது நஞ்சு.

வளர்ப்பவரின் உயிருக்கே ஆபத்தான தவறும் ஒன்று இருக்கிறது. மென்பவளங்களோடு சேர்த்து விற்கப்படும் ஸோஆந்திட்களும் பாலித்தோவாக்களும் உண்மையில் வேறு குலத்தைச் சேர்ந்தவை; மென்பவளப் பாலிப்பிலுள்ள எட்டு இறகுக் கைகள் இவற்றில் இரா. இவற்றில் சில பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சைக் கொண்டிருக்கின்றன. ஹவாயில் கிடைத்த பாலித்தோவா ஒன்றிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்ட செய்தி 1971இல் வெளியானது. பாறையில் மிகுதியாகப் படர்ந்துவிட்டதென்று அதைக் கொதிநீரில் இட்டவர்களும், நீரில்லாமல் பிரஷ்ஷால் தேய்த்தவர்களும் நஞ்சு கலந்த ஆவியையோ திவலையையோ சுவாசித்து, வீட்டாரோடு மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. வெட்டும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். அந்தப் பாறையை ஒருபோதும் சூடாக்கக் கூடாது.

இவ்வளவு கடந்து பவளம் செழித்துவிட்டால், அடுத்த சிக்கல் அந்தச் செழிப்பே. கிரீன் ஸ்டார் பாலிப் என்னும் மென்பவளத்தின் ஊதா விரிப்பும் ஸீனியாவும் ஒருமுறை முதன்மைப் பாறையில் ஏறிவிட்டால், சுரண்டி எடுத்தாலும் மிச்சம் இருக்கும் துணுக்கிலிருந்து மீண்டும் கிளம்பும். ஆகவே இவ்விரண்டையும் மற்றப் பாறைகளைத் தொடாமல், மணல் சூழ்ந்த தனிக் கல்லின் மீது வைத்து, விளிம்பு மணலைத் தாண்டும்போதெல்லாம் கத்தரித்துவிட வேண்டும்.