மருதமலையா, வெள்ளியங்கிரியா? ஊருக்கு வரும்போது யாருக்கு எந்த மலை

போன மார்ச்சில் நியூஜெர்சியிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. அக்கா மகன் அங்கே அரை மாரத்தான் ஓடுகிறவன். வந்திறங்கிய மறுநாளே கோவை மருதமலை முருகன் கோயிலுக்குப் படி ஏறலாம் என்றான். தூங்கி எழுந்து கிளம்பவே பதினொரு மணி ஆகிவிட்டது. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுப் படியில் கால் வைத்தோம். மூச்செல்லாம் அவனுக்கு ஒன்றும் வாங்கவில்லை, உள்ளங்கால்தான் தாங்கவில்லை. நிழல் விழுந்த கல்லாகப் பார்த்துத் தாவிக்கொண்டிருந்தான். எழுபது தாண்டிய எங்கள் அம்மா அவனுக்கு முன்னாலேயே போய் மண்டபத்தில் உட்கார்ந்து, "ஏன் கண்ணு, கால் சுடுதா?" என்று கேட்டார்.

அதனால் முதல் பேச்சே நேரத்தைப் பற்றித்தான். கோவையின் மேற்கு அடிவாரத்தில் ஏறுவதென்றால் வெயிலுக்கு முன் ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். அதற்காக இருட்டோடு கிளம்பிவிடவும் கூடாது. விடியற்காலையும் அந்தி நேரமும் யானை நடமாடும் நேரம். மருதமலை, தடாகம், வெள்ளியங்கிரி அடிவாரமான பூண்டி எல்லாமே யானை வழித்தடத்தை ஒட்டிய இடங்கள். நீங்கள் சின்ன வயதில் அப்புச்சியோடு விறகு பொறுக்கப் போன அதே காடுதான். ஆனால் இப்போது யாரையும் கேட்காமல் உள்ளே போக முடியாது. "ஆன நிக்குதுங்க, இப்பப் போவாதீங்க" என்று வனக் காவலர் சொன்னால் பேசாமல் திரும்பிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து இதற்காகவே வந்தோம் என்ற கதையெல்லாம் யானைக்குத் தெரியாது.

நடையே பழக்கமில்லாதவர்கள், பெரியவர்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள் மருதமலையில் தொடங்கலாம். ஏறக்குறைய 840 படிகள். அடியில் தான்தோன்றி விநாயகர், வழியில் இடும்பன் சன்னதி, உட்கார்ந்து எழ மண்டபங்கள். முடியாதவர்கள் கோயில் பஸ்ஸிலோ காரிலோ மேலே போய்விடலாம் என்பதால் குடும்பத்தைப் பிரித்து அனுப்ப வசதி. நடக்கிறவர்கள் படியில், மற்றவர்கள் பஸ்ஸில், மேலே எல்லோரும் ஒன்றாகத் தரிசனம். பாம்பாட்டிச் சித்தர் குகையையும் பார்த்துவிட்டு இறங்குங்கள். தைப்பூசம், கிருத்திகை நாட்களில் நடைப்பயிற்சி என்ற நினைப்பே வேண்டாம், கூட்டம் உங்களை நகர்த்திக்கொண்டு போகும்.

இன்னும் அமைதி வேண்டுமென்றால் பெரிய தடாகம் பக்கம் அனுவாவி முருகன் கோயில். படிகள் மருதமலையைவிடக் குறைவு, சில இடங்களில் செங்குத்து. அனுமனின் தாகம் தீர்க்க முருகன் வேலால் உண்டாக்கிய ஊற்று என்பது தல வரலாறு, அனு வாவி என்ற பெயரும் அதனால்தான் என்பார்கள். கூட்டம் குறைவு என்பதே நல்லதும் கெட்டதும். தனியாகப் போகாதீர்கள்.

அடுத்த படி, வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு நடைகள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேற்றக்காரர்கள் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு மாநில அரசு விதிமுறைகளை இறுக்கியது. 2024-ல் 40 பாதைகளைத் தேர்ந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகும்படி ஏற்பாடு செய்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு கால்வாய்க் கரை நடை எளிது வகை, பெரும்பாலும் சமதளம். முட்டிவலிக்காரர்களுக்கும் அதைத் தைரியமாகச் சொல்வேன். ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கும் டாப்சிலிப்பில் பண்டாரவரை நடை உண்டு. வெட்டிய தேக்கு மரங்களை மேலிருந்து சறுக்கிவிட்டதால் வந்த பெயர் டாப்சிலிப் என்பது அங்கே போனால் சரிவைப் பார்த்தே புரியும்.

இதில் எங்கள் வீட்டிலேயே கோட்டை விட்டோம். அக்கா குடும்பம் வந்தது மார்ச். தீ பிடிக்கும் காலம் என்று வழக்கமாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை இந்த நடைகளை நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் போடும் முன் தேதியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் வருகிறவர்களுக்கு வேறு சிக்கல். தென்மேற்குப் பருவமழையில் பாதை வழுக்கும், காட்டுக்குள் அட்டை ஏறும், கோவைக் குற்றாலம் அருவியில் வெள்ளம் வந்தால் அடைத்துவிடுவார்கள். டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் என் கணக்கில் நல்ல காலம். பதிவை ஊரில் இருக்கும் சொந்தக்காரர் யாரிடமாவது சொல்லிச் செய்வது சுலபம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

வெள்ளியங்கிரி தனிக் கதை. வனத்துறை நடைகள் மூடியிருக்கும் அந்த நாட்களையும் சேர்த்து, பிப்ரவரி முதல் மே வரைதான், பூண்டியிலிருந்து இந்தச் சிவன் மலைக்குப் பக்தர்களை விடுகிறார்கள். ஏழு மலை, ஒரு வழிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். தூரத்தைக் கேட்டு ஏமாறாதீர்கள். முதல் மலையின் கல்படியே பாதிப் பேரைத் திரும்ப வைத்துவிடும். அப்புறம் வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை என்று போய், ஆண்டி சுனையின் ஐஸ் தண்ணீரில் நனைந்து, நெட்டுக்குத்தாக ஏழாவது. மேலே இரவுக் காற்று எலும்பைத் துளைக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஏறும்போது வீண் செலவு போலத் தெரியும், இறங்கும்போதுதான் அது மூன்றாவது கால். சோதனைச் சாவடியில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டித் தருவார்கள், பிளாஸ்டிக் மேலே போகாது. வீட்டிலிருந்தே கடலை உருண்டையும் நெல்லிக்காயும் துணிப்பையில் கட்டிவிட்டால் அந்த வரிசையில் நேரம் மிச்சம்.

இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இங்கே ஏற வேண்டாம். 2024 பருவத்தில் ஏறியவர்கள் பலர் வழியிலேயே இறந்தார்கள். பெண்களுக்கு வயதை வைத்து வழக்கமாகக் கட்டுப்பாடு உண்டு, அந்த வருடத்து நிலவரத்தைப் பூண்டியில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். விமானக் களைப்பு தீராமல் முதல் வாரத்திலேயே போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், மாரத்தான் ஓடுகிறவனாக இருந்தாலும் சரி.

அக்கா மகன் வரும் ஜனவரியில் மறுபடி வருகிறான். ஆழியாறு நடைக்குப் பதிவு செய்யப்போகிறோம். மருதமலைக்கென்று பழைய பருத்திக் காலுறை இரண்டு ஜோடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.